அம்மாவுக்கு எந்தச் சோடி

வைத்தியசாலையின் அந்த வாட்டில் யாரும் மருந்தின் பெயரைச் சொல்வதில்லை. பெயர்கள் நீளமானவை, வாயில் நுழையாதவை. இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஏற்றுவதால் அவற்றைச் சோடி என்பார்கள். புதிதாக ஒருவர் வந்து கதிரையில் சாய்ந்து, தாதி ஊசி குத்த நரம்பு தேடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் கதிரையிலிருந்து கேள்வி வந்துவிடும்.

"அக்காவுக்கு எந்தச் சோடி?"

"எனக்கென்ன தெரியும். மிஸிதான் சொல்லோணும்."

"தலைமயிர் கொட்டுற சோடியோ, உள்ளங்கை காந்துற சோடியோ?"

"இதென்ன, கலியாணமோ பேசுறியள்?" என்று தாதி கேட்பார்.

"ஓம் மிஸி. நீங்களும் சாதகம் பார்த்துத்தானே ஏத்துறியள். பொருத்தம் இல்லாட்டி சத்தி."

எல்லோரும் சிரிப்பார்கள். குமட்டினால் சத்தி எடுப்பதற்கான பேசினை மடியில் வைத்திருப்பவரும் சிரிப்பார். நான் அம்மாவின் காலடியில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு, இந்தச் சிரிப்பு எங்கேயிருந்து வருகிறது என்று யோசிப்பேன். எனக்குச் சிரிக்க முடியாத அளவுக்குக் களைப்பு. அதிகாலையில் வந்து இரத்தம் கொடுத்து, பெறுபேறு வரும்வரை வாங்கில் காத்திருந்து, வெள்ளை அணுக்கள் போதாது என்று திருப்பி அனுப்பாமல் இருந்தால் உள்ளே வந்து, துளி துளியாக இறங்கும் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்து, மாலையில் அம்மாவை ஓட்டோவில் ஏற்றி உரும்பிராய்க்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அடுத்த நாள் காலை பலாலி வீதியில் பஸ் ஏறி, பக்கத்தில் இருக்கும் திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குப் புள்ளிவிபரவியல் பயிற்சி வகுப்பு எடுக்க வேண்டும்.

அம்மாவுக்குச் சூலகத்தில் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே வயிறு முழுவதும் பரவி, வயிற்றில் தண்ணீரும் கட்டியிருந்தது. மூன்று தரம் மருந்து, பிறகு சத்திரசிகிச்சை, பிறகு மூன்று தரம் மருந்து என்பது திட்டம். அம்மாவின் சோடி கார்போபிளாட்டினும் பாக்லிடாக்சலும். முதலாவது மருந்து அங்கே அநேகமானவர்களுக்கு ஏற்றுவது. அதோடு கூட வருவதுதான் ஆளுக்கு ஆள் மாறும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு. பரிசோதனை முடிவு வந்த அன்றே அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, வைத்தியசாலை நடையில் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தா.

"அக்காவுக்கு அந்தப் பேரைச் சொல்லிப்போடாதை. கட்டி எண்டு மட்டும் சொல்லு. மனம் உடைஞ்சா மருந்து பிடியாது."

அப்பாவுக்குத் தோட்டத்து வெங்காயத்தை விட்டால் கதைக்க வேறு சொற்கள் இல்லை, வைத்தியசாலைக்குள் வந்தால் அதுவும் இல்லை. டொக்டர், "ஆரோடை நான் கதைக்கிறது?" என்று கேட்டபோது இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடப் படிப்பை முடித்தவள் நான். அம்மா இரண்டாம் வகுப்போடு களை பிடுங்கப் போனவ. அதனால் கடிதம் வந்தாலும், கரண்ட் பில் வந்தாலும், புற்றுநோய் வந்தாலும் வீட்டில் என்னிடம்தான் வரும். டொக்டர் எனக்கு, நோயின் பெயரை ஆங்கிலத்திலேயே விட்டு, ஆங்கிலமும் தமிழுமாக விளக்கம் சொன்னபோது நான் இடையில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. பக்கத்தில் அம்மா, தன் விளைச்சலைப் பற்றி இரண்டு வியாபாரிகள் தனக்கு முன்னாலேயே விலை பேசுவதைக் கேட்டிருப்பவ போல, கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தா.

அம்மாவின் விரல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அம்மா இடியப்பம் அவித்துக் கொடுப்பா. விடிவதற்கு முன் மா குழைத்து, பிழிந்து, ஆவியில் வைத்து, தட்டுத் தட்டாக இறக்கி, பெட்டியில் அடுக்குவா. என்னோடு படித்தவர்களில் அரைவாசிப் பேர் அந்த இடியப்பத்தைச் சாப்பிட்டுவிட்டுத்தான் பரீட்சைக்குப் போனார்கள். அது யார் அவிப்பது என்று நான் ஒருபோதும் மறைத்ததில்லை. "எங்கடை அம்மாவின்ரை, வடிவாச் சாப்பிடுங்கோ" என்று சொல்வேன்.

மருந்து தொடங்கியபிறகு விட்டுவிடச் சொன்னோம். அம்மா பாதியாகக் குறைத்தா, விடவில்லை. தலைமயிர் கொட்டியதும் சீலைத் துண்டால் தலையைக் கட்டிக்கொண்டு, கோயிலுக்கு நேர்த்தி வைத்து மொட்டை அடித்ததாகக் கடைக்காரியிடம் சொல்லியிருக்கிறா. நான் ஒரு நாள் பெட்டியைக் கொண்டுபோனபோது கடைக்காரி என்னைக் கேட்டா:

"பிள்ளை, அது எந்தக் கோயில்? புருவத்தையும் சேர்த்து எடுக்கினம்."

நான் பெட்டியை மேசையில் வைத்தேன். அவ பெட்டியைத் திறந்து, எப்போதும் போல ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "அம்மாவை மெல்ல மெல்லச் செய்யச் சொல்லு" என்றா. அதற்குப் பிறகு கோயிலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

சத்திரசிகிச்சை முடிந்து, நாலாவது தரம் மருந்து ஏற்றி ஒரு கிழமை இருக்கும். காலையில் குசினிக்குள் போனேன். அம்மா கொதிக்கும் பானையிலிருந்து தட்டை இறக்கிக்கொண்டிருந்தா. வழக்கமாகத் தட்டின் விளிம்பைத் தொட்டதும் விரல் தானாகத் துள்ளி, காதுமடலுக்குப் போய்த் திரும்பும். அன்றைக்குத் துள்ளவில்லை. அம்மா தட்டைப் பிடித்தபடியே நின்று என்னைப் பார்த்து, "தேத்தண்ணி போடட்டே?" என்று கேட்டா. ஆவி அவவின் கையைச் சுற்றி எழும்பிக்கொண்டிருந்தது.

நான் தட்டைப் பறித்துவிட்டு விரல்களை விரித்துப் பார்த்தேன். பெருவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் கொப்புளம். ஒன்று பழையது, உடைந்து காய்ந்திருந்தது.

"இதென்னம்மா?"

"எண்ணெய் தெறிச்சது."

"இடியப்பத்துக்கு எங்கை எண்ணெய்?"

"நேற்று மீன் பொரிச்சனான்."

"நேற்று வெள்ளிக்கிழமை."

அம்மா கையை இழுத்துக்கொண்டா. "பெரிய பொலிஸ்" என்று முணுமுணுத்துக்கொண்டு அடுத்த தட்டில் பிழியத் தொடங்கினா. இடியப்ப உரலைப் பிடித்திருந்த கையில் பிடிமானம் இல்லாததை அப்போதுதான் கவனித்தேன். விரலால் அழுத்தாமல் மணிக்கட்டால் அழுத்தினா. சட்டைக் கொளுக்கியைச் சின்னம்மாவைக் கூப்பிட்டுப் போடுவிப்பதும், கால் செருப்பு கழன்றது தெரியாமல் முற்றத்தைத் தாண்டிப் போவதும் ஒன்றோடொன்று சேர்ந்து விளங்கின. ஒவ்வொரு கிளினிக்கிலும் டொக்டர், "அம்மா, கை கால் விறைக்குதோ?" என்று கேட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அம்மா, "இல்லை டொக்டர், நல்ல சுகம்" என்று சொல்லியிருக்கிறா.

நான் அன்றைக்கே தனியாகப் போய் டொக்டரைச் சந்தித்தேன். அவர் அம்மாவின் மருந்துக் குறிப்பைப் புரட்டினார்.

"இது பாக்லிடாக்சலின்ரை வேலை. நரம்பைத் தாக்கும். இப்பிடியே இன்னும் ரண்டு தரம் ஏத்தினா விரல் திரும்பாமலும் போகலாம். சோடியை மாத்துவம்."

அவர் சொன்ன வழிகள் இவை. பாக்லிடாக்சலுக்குப் பதிலாக டோசிடாக்சல். அதே குடும்பத்து மருந்து, நரம்பை அவ்வளவு தொடாது, ஆனால் வெள்ளை அணுக்களை நன்றாக இறக்கிவிடும். கிருமி தொற்றினால் உயிருக்கும் ஆபத்து. அல்லது வாட்டில் 'உள்ளங்கை காந்துற சோடி' என்று சொல்லும் சிவப்பு மருந்து. அதில் தலைமயிர் பெரிதாகக் கொட்டாது, நரம்பும் தப்பும், ஆனால் சிலருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரியும். அல்லது பழைய சோடியையே அளவு குறைத்துக் கொடுப்பது.

"எது நல்லது டொக்டர்?"

"வருத்தம் சுகப்படுறதுக்கு எண்டு கேட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. நீங்கள் படிச்சனிங்கள், வாசிச்சுப் பாருங்கோ. அடுத்த கிளினிக்கிலை முடிவெடுப்பம்."

நான் வாசித்தேன். என்னுடைய பாடம் அது. இரண்டு கூட்டம் நோயாளர்களை இரண்டு சோடிகளுக்குப் பிரித்து, காலம் போகப் போக எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று வரைந்த கோடுகளை வாசிக்க எனக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. மாணவர்களுக்கு நானே அதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். கட்டுரைக்குக் கட்டுரை கோடுகள் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பின்னிக்கொண்டு, சேர்ந்தே கீழே இறங்கின. வகுப்பில் என்றால், "குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகலாம். இங்கே அடுத்த கணக்கு இல்லை. வேறுபாடுகள் கட்டுரையின் பின்பகுதியில், பக்கவிளைவு அட்டவணையில் இருந்தன. நரம்பு, வெள்ளை அணுக்கள், தோல். அந்த அட்டவணையில் இடியப்பத் தட்டுக்கு நிரல் கிடையாது. எனக்குக் கோபம் வந்தது. படித்தால் விடை வரும் என்று நம்பித்தான் நான் இவ்வளவு தூரம் படித்து வந்தேன்.

பிறகு அம்மாவிடம் போனேன். மத்தியானம், குசினியில் மா வறுத்துக்கொண்டிருந்தா. நான் அகப்பையை வாங்கிக்கொண்டு, சும்மா ஒரு கதை போல, "டொக்டர் சோடியை மாத்தப்போறாராம்" என்றேன்.

அம்மாவின் முகம் விழுந்த விதத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

"நீ போய்ச் சொல்லிப்போட்டியோ?"

"கொப்புளத்தைக் காட்டாமல் என்ன செய்யிறது?"

"நான் எவ்வளவு பாடுபட்டு ஒளிச்சு வைச்சனான். மாத்தக் கூடாது. என்ரை சோடி எனக்குச் சரி."

"ஏனம்மா?"

"மாத்தினவை ஆர் தப்பினவை? சொல்லு பார்ப்பம். உடுப்பிட்டி டீச்சருக்கு மாத்தினது. இப்ப அவவின்ரை கதிரையிலை ஆர் இருக்கிறது? அந்த மீன்காரியின்ரை தாய்க்கும் மாத்தினது. ரண்டு தரம் வந்தவ, பேந்து காணேல்லை. வாட்டிலை எல்லாருக்கும் தெரியும். முதல் சோடி வாழுறதுக்கு, ரண்டாஞ் சோடி வழியனுப்புறதுக்கு."

இதற்காகத்தான் விரலைச் சுட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறா. நான் அகப்பையைக் கீழே வைத்தேன். அம்மா பார்த்தது பிழையில்லை. சோடி மாறியவர்களில் பலர் திரும்பி வரவில்லை என்பது உண்மை. எடுத்த முடிவுதான் பிழை. இதே பிழையை என் மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் விடுகிறார்கள்.

"அம்மா, அவைக்கு வருத்தம் திரும்பி வந்தபடியாத்தான் மாத்தினவை. மாத்தினபடியா வருத்தம் வரேல்லை. அப்பா எந்தப் பாத்திக்கு மருந்தடிக்கிறவர்? வெங்காயம் மஞ்சளிச்ச பாத்திக்குத்தானே? அந்தப் பாத்தியிலைதான் கூடச் சாகும். அதுக்கு மருந்தோ காரணம்?"

அம்மா யோசித்துவிட்டு, "சில நேரம் மருந்தும்தான்" என்றா.

அது உண்மை. சில நேரம் மருந்தும்தான். மேற்கொண்டு விளக்க வேண்டும் என்றால், அம்மாவின் வருத்தம் திரும்பி வரவில்லை, விரலுக்காகத்தான் மாற்றுகிறோம் என்று சொல்ல வேண்டும். எந்த வருத்தம் என்று சொல்லாமல் அதை எப்படிச் சொல்வது? மா கருகத் தொடங்கியது. விறகை இழுத்து அடுப்பை நூர்த்தேன்.

"அம்மா, உங்களுக்கு வந்திருக்கிறது புற்றுநோய்."

"பின்னை? தலைமயிரெல்லாம் கொட்டுற மாதிரித் தும்மல் தடிமனுக்கோ மருந்து ஏத்துறவை?"

அம்மா மாவைக் கிளறிப் பார்த்து, கருகிய பக்கத்தைத் தள்ளி வைத்தா.

"சின்னம்மாவுக்குச் சொல்லிப்போடாதை, எனக்குத் தெரியும் எண்டு. அவள் தாங்கமாட்டாள்."

பிறகு குசினி வாசலில் சாய்ந்து இருந்துகொண்டு, "இப்ப சொல்லு. என்னென்ன சோடி இருக்கு?" என்றா.

நான் ஒன்றையும் விடாமல் சொன்னேன். அம்மா இடையில் குறுக்கிடாமல் கேட்டா. டொக்டருக்கு முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்த அம்மா இல்லை இது. சந்தையில் அரிசி வாங்கும் அம்மா.

"எது கூட நாள் தரும்?"

"எல்லாம் கிட்டத்தட்ட ஒண்டு."

"அப்ப ஏன் இத்தனை வைச்சிருக்கினம்?"

"தாறது ஒண்டு. எடுக்கிறதுதான் வேறை வேறை. ஒண்டு விரலை, ஒண்டு இரத்தத்தை, ஒண்டு தோலை."

"தோல் உரிஞ்ச கையோடை மா குழைக்கேலாது." அதை அம்மா உடனேயே தள்ளிவிட்டா. "எடுத்த இரத்தம் திரும்ப ஊறுமோ?"

"ஊறும். ஊறுறதுக்கிடையிலை காய்ச்சல் வந்தா உடனை ஓடோணும். பிந்தினா உயிருக்கு ஆபத்து."

"விரல்?"

"மெல்ல மெல்லத் திரும்பலாம். முழுக்கத் திரும்பும் எண்டு சொல்லேலாது."

"அப்ப இரத்தத்தை எடுக்கட்டும்."

"காய்ச்சல் வந்தா?"

"ஓடுவம். நீ இருக்கிறாய்தானே."

இப்படித்தான் முடிவானது. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த "நீ இருக்கிறாய்தானே" என்ற சொல் என் தோளில் வந்து இருந்த பாரத்தை நான் இன்றுவரை இறக்கி வைக்கவில்லை. கிளினிக்கில் டொக்டர் என்னைப் பார்த்து, "என்ன யோசிச்சிருக்கிறியள்?" என்று கேட்டார். அம்மா எனக்கு முன்னால் பதில் சொன்னா.

"இரத்தத்தை எடுங்கோ டொக்டர். விரலை விட்டுவிடுங்கோ."

டொக்டர் தன் கதிரையை அம்மாவின் பக்கம் திருப்பினார். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அம்மாவிடமே சொன்னார், தமிழிலேயே.

ஐந்தாவது தரம் புதுச் சோடி ஏறியது. நான் வீட்டை மருந்துக்கடை போல ஆக்கினேன். கொதித்தாறிய தண்ணீர், வாசலில் சவர்க்காரம், தோட்டத்திலிருந்து வரும் அப்பா கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரலாம் என்ற சட்டம். எல்லாம் செய்தும், இரண்டாம் கிழமையில் ஒரு பின்னேரம் வகுப்பில் நிற்கும்போது போன் வந்தது. அம்மாவுக்கு நடுக்கம்.

நாங்கள் ஓடினோம். இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இல்லை என்றே சொல்லலாம். தனி அறையில் படுக்க வைத்து, நுண்ணுயிர்கொல்லி ஏற்றினார்கள். முகக்கவசத்துக்கு மேலே அம்மாவின் கண்கள் மட்டும் தெரிந்தன, புருவமில்லாத கண்கள். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடவில்லை. நான் சுவரில் சாய்ந்து நின்றபடியே நித்திரையானேன். சின்னம்மாவின் குரல் எழுப்பியது.

"பழைய சோடியிலை இருந்தபோது ஒரு தும்மல் வந்ததோ? கம்பசிலை படிச்சவ பார்த்த பொருத்தம்! தாயைக் கொண்டுபோய்..."

எந்தக் கோட்டை வரைந்து யாருக்குக் காட்டுவது? அம்மா கட்டிலில் இருந்து கையை உயர்த்தினா.

"உவளை விடடி. என்ரை சோடியை நான்தான் பார்த்தனான்."

"உனக்கென்ன தெரியும் அக்கா, இது கட்டிக்கு..."

"கட்டியோ? எனக்குப் புத்துநோய் எண்டு உனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

சின்னம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. கவசத்துக்குள் அழுகிறாவா சிரிக்கிறாவா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா என்னைப் பார்த்து, "நான் சொன்னனான்தானே, தாங்கமாட்டாள் எண்டு" என்றா. அதற்குப் பிறகும் ஒரு நாள் எடுத்துத்தான் காய்ச்சல் விட்டது.

ஆறாவது தரம் மருந்தின் அளவைக் குறைத்து, வெள்ளை அணுக்களை ஏற்றும் ஊசியும் போட்டார்கள். அதோடு முடிந்தது. முடிந்தது என்று சொல்கிறார்கள். வரும் மாதம் ஸ்கான் எடுக்க வேண்டும். திரும்பி வரக்கூடிய வருத்தம் என்று டொக்டர் அம்மாவுக்கே நேரே சொல்லியிருக்கிறார். வந்தால் மறுபடி சோடி பேச வேண்டும்.

தலைமயிர் குருவிக்குஞ்சு போல முளைத்திருக்கிறது. கடைக்கு மறுபடி இடியப்பம் போகிறது, பாதி அளவில். ஆவியில் இருந்து தட்டை இறக்குவது என் வேலை என்று சட்டம் போட்டிருந்தேன். போன கிழமை எழும்பப் பிந்திவிட்டது. குசினியிலிருந்து "ஆ!" என்று ஒரு சத்தம். விழுந்தடித்து ஓடினேன். தட்டு நிலத்தில் கிடந்தது, இடியப்பம் சாம்பலில். அம்மா இடது கையை உதறி உதறிக் காதுமடலைப் பிடித்துக்கொண்டு நின்றா.

"சுடுது பிள்ளை. நல்லாச் சுடுது."

"மற்றக் கை?"

வலது கையால் அடுத்த தட்டைத் தொட்டுப் பார்த்தா. கொஞ்ச நேரம் வைத்திருந்து பார்த்தா. நான் அதை எடுத்து விலக்கினேன்.

"அதுக்கு இன்னும் தெரியேல்லை" என்று சொல்லிவிட்டு, உரலை வலப்பக்கம் வைத்து, பானையை இடப்பக்கத்துக்கு மாற்றச் சொன்னா. மாற்றிக் கொடுத்தேன். முதல் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் குசினி வாசலிலேயே இருந்தேன். அம்மா ஒவ்வொரு தட்டையும் இடது கையால் தொட்டு, "ஸ்" என்று விரலை எடுத்து, மறுபடி தொட்டு இறக்கிக்கொண்டிருந்தா.